மருந்தின் பக்க விளைவுகளை பிப் விண்ணப்பத்தில் எப்படிக் காட்டுவது?

லண்டனில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு பிப் (PIP, நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு பிரித்தானிய அரசு தரும் உதவிப்பணம்) விண்ணப்பிக்கிறீர்கள். குளிசைகளால் வரும் தலைச்சுற்றையும் நித்திரைக் கலக்கத்தையும் எப்படி எழுதுவது, யாரிடம் ஆதாரம் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவுக்காக இதே படிவத்தை நிரப்பிய அனுபவத்தில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முடக்குவாதம். வெள்ளி இரவில் கிழமைக்கு ஒருமுறை மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் குளிசை, வலிக்காகத் தினமும் இரவில் அமிட்ரிப்டிலின். முதல் தடவை, மருந்துகளைப் பற்றிக் கேட்ட இடத்தில் பெயரையும் அளவையும் எழுதி, ‘களைப்பு, ஓங்காளம்’ என்று முடித்துவிட்டோம். மற்றப் பக்கங்களில் மருந்து என்ற சொல்லே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். உதவிப்பணம் கிடைக்க எட்டுப் புள்ளி தேவை, அம்மாவுக்குக் கிடைத்தது நான்கு.

மறுபரிசீலனைக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. பக்க விளைவின் பெயருக்குப் புள்ளி கிடையாது. அதனால் எந்த வேலை நின்றுபோகிறது என்பதற்குத்தான் புள்ளி. மருந்து எடுக்க இன்னொருவர் உதவி வேண்டும் என்பதற்குக் கிடைப்பதே ஒரு புள்ளி. அதே மருந்தின் கலக்கத்தால் ஆள் பக்கத்தில் நிற்காமல் சமைக்க முடியாது என்றால் நான்கு. ஆகவே மயக்கத்தை மருந்துக் கேள்வியோடு விட்டுவிடாமல் சமையல், குளிப்பு, உடுப்பு மாற்றுவது, வெளியே நடப்பது என்று ஒவ்வொரு கேள்விக்கும் கொண்டுபோங்கள்.

ஒரு நாள் காலை பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்த அம்மா அப்படியே நித்திரையாகிவிட்டார். புகை மணி அடித்து நான் மாடியிலிருந்து ஓடி வந்து பார்த்தால் சட்டி அடி கருகி, கைப்பிடி உருகிக் கிடக்கிறது. இரண்டாம் தடவை சமையல் கேள்விக்கு இப்படி எழுதினோம்: ‘இரவு 9 மணிக்குக் குளிசை. காலை 11 மணி வரை கலக்கம். கிழமையில் ஐந்து நாளாவது இப்படி. பிப்ரவரியில் சட்டி கருகியது. அதன்பின் மகள் பக்கத்தில் நின்றால் மட்டுமே அடுப்பு பற்றவைக்கிறார்.’ மருந்து, நேரம், எத்தனை நாள், நடந்தது என்ன, அதன்பின் என்ன மாறியது. இவ்வளவு இருந்தால் போதும், பெரிய மருத்துவச் சொற்கள் தேவையில்லை.

ஒரு வேலையை ‘செய்ய முடியும்’ என்று கணக்கிட அதைப் பாதுகாப்பாக, சரியாக, தேவையான தடவைகள், நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு அதிகபட்சம் ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனால் அது நியாயமான நேரம் இல்லை. பாதி நாட்களுக்கு மேல் சிரமம் இருக்க வேண்டும் என்பதும் விதி. மெத்தோட்ரெக்சேட் எடுத்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் அம்மாவால் எழும்ப முடியாது. ஏழில் இரண்டு நாள் மட்டும் என்றால் போதாது. மூட்டு விறைத்துக் கத்தி பிடிக்க முடியாத மற்ற நாட்களையும் சேர்த்து எண்ணினோம்.

எண்ணுவதற்கு உதவியது குசினிச் சுவரில் தொங்கிய தமிழ்க்கடை நாட்காட்டி. ஓங்காளத்துக்கு ‘ஓ’, கலக்கத்துக்கு ‘க’, பக்கத்தில் நேரம். அம்மாவே தன் கையால் எழுதினார். இரண்டு மாதத் தாள்களைப் படம் எடுத்து, மொழிபெயர்த்து, பிரதியாக வைத்தோம். மூலத்தை அனுப்பாதீர்கள்.

அப்புறம் வைத்தியப் பதிவு. என்னை மிகவும் வருத்தியது இதுதான். வைத்தியர் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும்போதெல்லாம் அம்மா ‘பரவாயில்லை’ என்பார். நானும் அதையே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வருவேன். கோப்பில் மருந்து நன்றாக ஒத்துக்கொள்கிறது என்று பதிவாகியிருந்தது. வீட்டில் வாளியோடு இருக்கும் மனுஷி, காகிதத்தில் சுகமாக இருக்கிறார்! நம் அப்பா அம்மாக்கள் வைத்தியர் முன்னால் குறை சொல்ல மாட்டார்கள். அதனால் இந்தக் கிழமையே ஜீபிக்கும் (குடும்ப வைத்தியர்) மருத்துவமனைத் தாதிக்கும் நாள், நேரத்தோடு சொல்லி, குறித்து வைக்கச் சொல்லுங்கள். தேவையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். என்ன பதிந்திருக்கிறது என்று என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) செயலியில் பார்க்கலாம். மருந்தை மாற்றிப் பார்த்துச் சரிவரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், ‘ஏன் மாற்றவில்லை?’ என்ற கேள்வி வரும். படிவத்தில் நன்றாகத் தெரியவேண்டும் என்று குளிசையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

படிவத்தைத் திருப்பி அனுப்ப ஒரு மாதம்தான். முடிவு பிழை என்றால் மறுபரிசீலனை கேட்கவும் கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதம்.

அம்மாவின் முடிவு மறுபரிசீலனையில் மாறியது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த நாட்காட்டித் தாள்களைப் பார்த்த தாதி மெத்தோட்ரெக்சேட்டைக் குளிசைக்குப் பதில் ஊசிக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். இப்போது சனிக்கிழமைகளில் அம்மாவுக்குக் கொஞ்சம் கஞ்சியாவது இறங்குகிறது. இரண்டு வருடமாக அந்த வாளியை நான் கழுவிக்கொண்டிருந்தேன், ஒருவரிடமும் சொல்லவில்லை.