இலங்கை எழுந்துவிட்டது என்கிறார்களே, இன்னமும் ஏன் உதவி கேட்கிறார்கள்?

கேள்வி கேட்டவர், 2022 பொருளாதார நெருக்கடியின் பெட்ரோல் வரிசை போய்விட்டது, மின்வெட்டு போய்விட்டது, சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், பிறகும் ஏன் உதவி என்று எழுதியிருக்கிறார். அவர் சொன்னவை எல்லாம் உண்மைதான். நான் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை. 2022-ல் ஒரு காஸ் சிலிண்டருக்காக விடிய விடிய நின்ற தெருவில் இப்போது புதுப்புதுச் சாப்பாட்டுக் கடைகள். என் சம்பளமும் இரண்டு தடவை கூடிவிட்டது. 2022-ல் 7 வீதத்துக்கு மேல் சுருங்கிய பொருளாதாரம் 2024-ல் 5 வீதம் வளர்ந்தது.

ஆனால் நான் பிறந்தது மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்தில். சின்னம்மா இன்னும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறார். ஒருமுறை ஊருக்குப் போனபோது, "பணவீக்கம் குறைஞ்சிருச்சாம் சின்னம்மா, சாமானெல்லாம் இனி பரவாயில்லையாம்" என்றேன். "எந்தக் கடையில தம்பி?" என்று கேட்டார். அப்படி ஒரு கடை இருந்தால் போகலாம் என்றுதான் கேட்டார்.

இந்த இடம்தான் பலருக்குப் புரிவதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. உணவுக்கு மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 95. அதாவது முந்தைய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் 195 ரூபாய். அதற்குப் பிறகு பணவீக்கம் குறைந்தது என்றால், அந்த 195 இனி மெதுவாக ஏறும் என்று அர்த்தம். மறுபடி 100-க்கு வரும் என்று அர்த்தம் இல்லை. அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து வற் எனும் மதிப்புக் கூட்டு வரி 18 வீதம்.

சம்பளம் ஏறியிருந்தால் சமாளிக்கலாம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021-ல் 1,000 ரூபாய் ஆனது. ரூபாய் விழுந்து, அரிசியும் மாவும் இரட்டிப்பாகி, மின்கட்டணம் ஏறி, எல்லாம் நடந்து முடிந்தும் 2024 வரை அதே 1,000-தான். பிறகுதான் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. 2021-ல் அந்த ஆயிரம் 5 டொலர். 2022 முடிவில் 3 டொலருக்கும் கீழே. இந்தப் பெண்கள் பறிக்கும் தேயிலைதான் வருடத்துக்கு நூறு கோடி டொலருக்கு மேல் கொண்டுவருகிறது. நாடு டொலருக்குத் தவித்த நாட்களிலும் அவர்கள் மலையில்தான் நின்றார்கள். சொன்ன கிலோ வரவில்லை என்றால் அரைப்பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளம்தான். மழை நாளில் அது இன்னும் கஷ்டம்.

எனக்கு மனது ஆறாத விஷயம் இன்னொன்று உண்டு. 2023-ல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த ரூபாய்ப் பிணைமுறிகளை, அதாவது அரசின் கடன் பத்திரங்களைத் தொடவில்லை. தொழிலாளரின் சம்பளத்திலிருந்து சேரும் ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளிடம்தான், பழைய பிணைமுறியைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள், இல்லாவிட்டால் 30 வீத வரி கட்டு என்றார்கள். வங்கிகள் ஆட்டம் கண்டால் எல்லோருக்கும் ஆபத்து என்ற வாதம் எனக்குத் தெரியும், கணக்குக்காரனாக அது புரியவும் செய்கிறது. ஆனாலும் அந்த நிதியில் சின்னம்மாவின் முப்பது வருட உழைப்பும் இருக்கிறது.

உலக வங்கியின் மதிப்பீட்டில் 2024-லும் நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வறுமையில். 2019-ல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. தோட்டப் பகுதியில் நிலைமை இதைவிட மோசம்.

2022 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்தன. எங்கள் லயத்துக்கும் அந்த அரிசி வந்தது, அதை மறக்க மாட்டோம். அப்போது வரிசைகளை உலகமே பார்த்தது. இப்போது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த வருடம் சாப்பிடுவதற்காக விற்ற ஆடும், அடகு வைத்த தோடும், நின்றுபோன பிள்ளையின் படிப்பும் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கும் அரசின் அஸ்வெசும உதவி 2023-ல் தொடங்கியது. அதில் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்ய வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பிரதேச செயலகத்துக்கு நடக்கிறார். ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்து பத்துக் குடும்பத்துக்குப் படிவம் எழுதிக் கொடுப்பது, பத்து மூட்டை அரிசியை விடப் பெரிய உதவி. அப்புறம் பிள்ளைகளின் பஸ் காசு, கொப்பி, காலைச் சாப்பாடு. இவற்றுக்கு ஒரு தடவை கொடுத்துப் பயனில்லை. ஒரு பிள்ளைக்கென்றாலும் மாதாமாதம் கொடுங்கள். தெரிந்த பாடசாலை அதிபர் வழியாகக் கொடுத்தால் கையேந்தும் கூச்சமும் பிள்ளைக்கு இருக்காது.

போன மாதம் சின்னம்மாவின் தோட்டை மீட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் காதில் போட்டிருந்தார். பேத்திக்கு இந்த வருடம் சாதாரண தரப் (பதினோராம் வகுப்பு) பரீட்சை, டியூஷன் காசுக்காக அது மறுபடி அடகுக் கடைக்குப் போய்விட்டது என்று நேற்றுத் தங்கை போனில் சொன்னாள்.