பட்டியலை மனப்பாடம் செய்தும் சொற்கள் கைகொடுக்காதது ஏன்?

தில்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு தாயின் கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்காக க்யூட் நுழைவுத் தேர்வு எழுதவிருக்கிறாள். வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் பேசி வளர்ந்தவள். ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு எழுதி மனப்பாடம் செய்தும், மாதிரித் தேர்வில் தடுமாறுகிறாள். என்ன செய்யலாம்?

உங்கள் மகளின் உழைப்பில் குறையில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எழுதிவைக்கும் முறையில்தான் சிக்கல் இருக்கிறது. 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்சி' இரண்டுக்குமே குறிப்பேட்டில் 'செலவு செய்யாத' என்று எழுதியிருக்கக்கூடும். ஆனால் வீட்டுப் பெரியவரைச் சிக்கனக்காரர் என்றால் மகிழ்வார், கஞ்சர் என்றால் முகம் சுளிப்பார். அந்த வேறுபாடே இவ்விரு ஆங்கிலச் சொற்களுக்கும் இடையில் இருக்கிறது. அதுபோலவே, 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்பதை 'ஆர்வமற்ற' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், நீதிபதி அப்படித்தான் இருக்க வேண்டும் என்னும் வாக்கியத்தைக் கண்டால் திகைத்துப் போவார். சொந்த ஆதாயம் கருதாத, நடுநிலையான என்பதே அங்கு அதன் பொருள்.

ஆகவே, நாள்தோறும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதில் வரும் புதிய சொற்களில் எட்டு அல்லது பத்தை மட்டும், அவை இடம்பெற்ற வாக்கியத்தோடும் எதிர்ச்சொல்லோடும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு நினைவுகூர வேண்டும். கற்றது தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885இல் வெளியிட்டார். ஒரே இரவில் நூறு சொற்களைப் படிப்பது பயன் தராததற்குக் காரணம் இதுவே.

வேர்ச்சொற்கள் உதவும். 'ஸ்பெக்ட்' பார்ப்பதைக் குறிக்கும் என்று அறிந்தால் 'இன்ஸ்பெக்ட்', 'ஸ்பெக்டேட்டர்', 'ரெட்ரோஸ்பெக்ட்' மூன்றும் ஒரு குடும்பமாகத் தெரியும். ஆனால் முன்னொட்டை முழுமையாக நம்பிவிடக் கூடாது: 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பற்றது அன்று, விலைமதிப்பற்றது, பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் எழுதியிருக்கும் 'இன்ஃப்ளேமபிள்' என்பதும் எளிதில் தீப்பற்றுவதையே குறிக்கிறது. இத்தகைய விதிவிலக்குகளைத் தனிப் பக்கத்தில் எழுதிவைப்பது நல்லது.

விடை தெரியாத கேள்வியை விட்டுவிடுமாறு பலர் அறிவுறுத்துவதை நான் ஏற்பதில்லை. சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு என்னும் முறையில், நான்கு விருப்பங்கள் கொண்ட கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக நான்கில் ஒன்று சரியாகி 2 மதிப்பெண் மிஞ்சும். சொல்லின் தொனியை வைத்துப் பொருந்தாத இரண்டை நீக்கிவிட்டுக் குறித்தால், அதே நான்கு கேள்விகளில் சராசரியாக 8 மிஞ்சும்.