வாசித்ததற்காக விற்கப்பட்டவர் உருவாக்கிய ஊர்

"கலிஃபோர்னியாவில் முன்னோடிகள் குடியேறிய பழைய ஊர் ஏதாவது பூங்காவாக இருக்கிறதா? குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர எது நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலானவர்கள் தங்கச் சுரங்க ஊர்களைத்தான் சொல்வார்கள். நான் அலென்ஸ்வர்த்தைச் சொல்வேன். பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே, 99ஆம் நெடுஞ்சாலையிலிருந்து எர்லிமார்ட்டில் பிரிந்து மேற்கே கொஞ்ச தூரம் போக வேண்டும்.

கறுப்பின மக்கள் தாங்களே பணம் போட்டு, தாங்களே நிர்வகிப்பதற்காக 1908இல் தொடங்கிய ஊர் இது. முன்னின்றவர் ஆலன் அலென்ஸ்வர்த். 1842இல் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளப் பார்த்தார் என்பதற்காகவே அவரை வேறு இடத்துக்கு விற்றுவிட்டார்கள். உள்நாட்டுப் போரின்போது தப்பி வந்து கடற்படையில் சேர்ந்தார். பிறகு பாதிரியார் ஆனார், ராணுவத்தில் மதகுருவாகப் பணியாற்றினார். 1906இல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றார். அந்தப் பதவியை எட்டிய முதல் கறுப்பினத்தவர் அவர்.

இதைத் தெரிந்துகொண்டு போனால் அங்கிருக்கும் நூலகத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும். சின்ன மரக் கட்டடம்தான். 1913இல் திறந்தார்கள். அதற்கு அலென்ஸ்வர்த்தின் மாமியார் பெயரை வைத்தார்கள். அலென்ஸ்வர்த் தன் சொந்தப் புத்தகங்களையும் அதற்குக் கொடுத்தார். வாசிக்க நினைத்ததற்காக விற்கப்பட்ட பையன், வயதான பிறகு ஓர் ஊருக்கே புத்தகம் கொடுக்கிறார்! என் மகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் 1912இல் கட்டிய பள்ளிக்கூடமும் இருக்கிறது. அங்கேயும் அவசரப்படாமல் நில்லுங்கள்.

மற்றபடி கர்னலின் வீடு, கடைகள், தேவாலயம் என்று பழைய தோற்றத்தில் சீரமைத்த கட்டடங்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. நடுவே வெறும் புல்வெளி. ஊர் ஏன் இப்படி வெறிச்சோடியது என்று கேட்கத் தோன்றும். முக்கியக் காரணம் தண்ணீர். நிலம் விற்ற நிறுவனம் சொன்ன அளவுக்குத் தண்ணீர் தரவில்லை. 1914இல் ரயில் நிறுத்தத்தைப் பக்கத்திலிருந்த அல்பாவுக்கு மாற்றினார்கள், வியாபாரம் படுத்தது. அதே ஆண்டு மோட்டார் சைக்கிள் மோதி கர்னலும் இறந்துபோனார். 1966இல் குடிநீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருப்பது தெரியவந்தது. மிச்சமிருந்ததும் இடிந்து மறைந்திருக்கும். சிறுவயதில் அங்கே வாழ்ந்த கார்னீலியஸ் போப் என்பவர் விடாமல் குரல் கொடுத்ததால்தான் 1970களில் அது மாநிலப் பூங்காவானது. அந்த மனிதருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

பூங்காவை ஒட்டி இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தண்ணீர்ப் பிரச்சினை இன்னும் முழுதாகத் தீரவில்லை. பழைய வீடுகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், அந்தத் தெருக்கள் வழியாகவும் ஒருமுறை மெதுவாக வண்டியை ஓட்டிப் பாருங்கள்.

சரி, கிளம்பும் முன் சில விஷயங்கள். கோடையில் வெயில் கொளுத்தும், குளிர்காலத்தில் காலை மூடுபனியில் சாலையே தெரியாது. சாப்பாடும் தண்ணீரும் கையோடு எடுத்துப் போங்கள். கட்டடங்கள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், சன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். அதனால் முன்கூட்டியே பூங்காவுக்குப் போன் செய்து, உள்ளே சுற்றிக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அக்டோபரில் நடக்கும் ஆண்டு விழாவுக்குப் போகலாம். அந்த ஊர்க் குடும்பங்களின் வழிவந்தவர்களே வருவார்கள். அவர்கள் வாயால் கதை கேட்பது தனி அனுபவம். நாங்கள் அடுத்த முறை அப்போதுதான் போகப் போகிறோம்.