செங்கல்லுக்குப் பெயிண்ட் வேண்டாம், தம்பி

லிவோனியாவில் 1968-ல் கட்டிய இரண்டு மாடி வீடு வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம் தம்பி. கீழே ஆரஞ்சும் பழுப்பும் கலந்த செங்கல், மேலே வெளிச்சுவரை மூடிய பட்டைத் தகடு, அதாவது வெளிறிப்போன அலுமினியம் சைடிங். டெட்ராய்ட்டைச் சுற்றி லிவோனியா, ஃபார்மிங்டன் ஹில்ஸ், ட்ராய் என்று எங்கே போனாலும் அந்தக் காலத்து வீடுகளில் இந்த ஜோடியைப் பார்க்கலாம். நான் குடியிருப்பதும் அப்படி ஒரு வீடுதான். வீட்டை முடித்துக் கொடுத்த ஏஜெண்ட், "மொத்தத்துக்கும் வெள்ளை அடித்து, ஓரத்துக்குக் கறுப்பு கொடுத்துவிடுங்கள், புது வீடு போல ஆகிவிடும்" என்றாராம். அப்படிச் செய்யலாமா, சைடிங்கைக் கழற்றிவிட்டு வினைல் என்ற பிளாஸ்டிக் சைடிங் போடலாமா, இதையெல்லாம் செய்தால் வீட்டு வரி ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரியைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிச்சிகனில் மாத்யூ-காஸ்ட் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெளிப்புறம் பெயிண்ட் அடிப்பது, சைடிங், கூரை, படிக்கட்டு, டிரைவ்வே இவற்றைப் பழுது பார்ப்பது, மாற்றுவது எல்லாம் சாதாரணப் பராமரிப்பு. நீங்கள் வீட்டை விற்கிறவரை அதனால் கூடிய மதிப்பை வரிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. புதிதாக ஓர் அறை கட்டினால் கதை வேறு. ஆனால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: வீடு வாங்கிய மறு வருஷம் வரி எப்படியும் எகிறும். 1994-ல் வந்த ஏற்பாட்டின்படி ஒரே ஆள் கையில் வீடு இருக்கும்வரை வரி மதிப்பு வருஷத்துக்கு 5 சதவீதத்துக்கு மேலோ, பணவீக்கத்துக்கு மேலோ ஏறாது. கை மாறியதும் அந்த உச்சவரம்பு போய்விடும். வரி கூடியது என்று கடிதம் வரும்போது பெயிண்ட் அடித்ததால்தான் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது செங்கல்லுக்கு வருகிறேன். என் பதில்: அடிக்காதீர்கள். வேறு எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், அந்தச் செங்கல்லை மட்டும் விட்டுவிடுங்கள்.

நம் ஊரில் பூசாத செங்கல் சுவரைப் பார்த்தால் பாதியில் காசு தீர்ந்து நிறுத்திய வீடு என்றுதான் நினைப்போம். சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால்தான் வேலை முடிந்தது. அந்தக் கண்ணோடு வந்து இங்கே பார்த்தால் கை துறுதுறுக்கத்தான் செய்யும். ஆனால் சுவரின் அமைப்பே வேறு. உங்கள் வீட்டைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம். அதற்கு முன்னால் ஓர் அங்குலம் போல இடைவெளி விட்டு ஒரே ஒரு வரிசை செங்கல் எழுப்பியிருக்கிறார்கள். அது பாரம் தாங்குவதில்லை, மழையைத் தடுத்து நிறுத்துகிறது. கொஞ்சம் தண்ணீர் ஊறி உள்ளே வரும் என்று தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் இடைவெளி வழியாகக் கீழே இறங்கி, அடிவரிசையில் கலவை வைக்காமல் விட்ட சின்னச் சின்னச் சந்துகள் வழியாக வெளியே போய்விடும். மிச்ச ஈரம் செங்கல்லின் முகத்திலேயே காய்ந்துவிடும். மண்டி போட்டுப் பாருங்கள், சில அடிக்கு ஒன்றாக அந்தச் சந்துகள் தெரியும். குளவி நுழைகிறது, எலி நுழைகிறது என்று சிலர் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார்கள். பூச்சி வந்தால் கம்பிவலை வையுங்கள். தண்ணீர் போகும் வழியை மட்டும் அடைக்காதீர்கள்.

பெயிண்ட் அந்த முகத்தை மூடிவிடுகிறது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். சென்னையில் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, பெயிண்ட் உரியும், அவ்வளவுதான். இங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை பகலில் உருகி இரவில் உறைவது மாறி மாறி நடக்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. செங்கல்லுக்குள் அது நடந்தால் முன்பக்கம் பொரிந்து தகடு தகடாக விழும். சூளையில் வெந்த கெட்டியான மேல்தோல் ஒருமுறை போய்விட்டால், உள்ளே இருக்கும் மிருதுவான பாகம் இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். மணலை வீசிப் பெயிண்டை உரித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தாலும் இதே கதிதான். அடித்துவிட்டால் திரும்பிப் போக முடியாது, சில வருஷத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கு 50 வயது தாண்டியும் ஒரு பைசா செலவு வைக்காமல் நிற்கிற சுவருக்கு நாமே எதற்கு இந்த வேலையை இழுத்துவிட வேண்டும்?

வீட்டில் வெள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றால், நம் தாத்தா காலத்து வழி ஒன்று இருக்கிறது. சுண்ணாம்பு அடிப்பது. இங்கேயும் அதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்பு செங்கல்லோடு ஒன்றிப் போகும், ஈரத்தை அடைக்காது, காலப்போக்கில் திட்டுத்திட்டாகக் கரைந்தாலும் பார்க்க நன்றாகவே இருக்கும். முன்பு பெயிண்ட் படாத செங்கல்லாக இருக்க வேண்டும், அடிப்பதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும். ஆனாலும் ஒரு வருஷம் பொறுங்கள் என்பேன். சுற்றியுள்ள நிறங்கள் மாறியதும் அதே செங்கல் வேறு மாதிரித் தெரியும்.

நிறத்துக்கு முன்னால் தண்ணீர். நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். கூரை ஓரத்தில் மழைநீரைப் பிடிக்கும் கட்டர் எங்கே வழிகிறது, அதிலிருந்து இறங்கும் குழாயின் தண்ணீர் சுவரோரமே கொட்டுகிறதா, மண் வீட்டைப் பார்த்துச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவரிலிருந்து 10 அடி தூரத்துக்குள் மண் 6 அங்குலமாவது இறங்க வேண்டும். செங்கல்லில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும், ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் மறுபடி பூக்கும். ஆசிட் ஊற்றுவது, பிரஷர் வாஷர் வைத்து அடிப்பது இரண்டும் வேண்டாம்.

அப்புறம் லிண்டல். இங்கே ஜன்னலுக்கும் கேரேஜ் கதவுக்கும் மேலே கான்கிரீட் லிண்டல் கிடையாது. எல் வடிவத்தில் வளைந்த இரும்புப் பட்டை ஒன்றின் மேல்தான் செங்கல் உட்கார்ந்திருக்கும். கேரேஜ் கதவுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பட்டை பொரிந்து, பழுப்பு நிறத்தில் ஏடு ஏடாக எழும்பியிருந்தால் உடனே கவனிக்க வேண்டும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், மேலே இருக்கும் செங்கல்லையே தூக்கிவிடும். கதவின் மேல்மூலையிலிருந்து கலவைக் கோட்டை ஒட்டிப் படிப்படியாக ஏறும் விரிசல் அதன் அடையாளம். தொடக்கத்திலேயே சுரண்டி, துருத்தடுப்பு பிரைமர் கொடுத்து, பெயிண்ட் அடித்தால் ஒரு நாள் வேலை. விட்டுவிட்டால் செங்கல்லை இறக்கி லிண்டலையே மாற்ற வேண்டி வரும். பட்டைக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருக்கும் கோட்டை மட்டும் காக்கிங் என்ற பசை வைத்து அடைக்கக் கூடாது, அதுவும் தண்ணீர் வெளியேறும் வழிதான்.

சைடிங்குக்கு வருவோம். அலுமினியம் நசுங்காமல், கழன்று தொங்காமல் இருந்தால் எடுக்க வேண்டாம். அதற்குப் பெயிண்ட் அடிக்கலாம், நன்றாகவே பிடிக்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள், சுண்ணாம்புப் பொடி போல ஒட்டும். பழைய பெயிண்ட் வெயிலில் மக்கிப் பொடியாகியிருக்கிறது. இந்தப் பொடி முழுவதும் போகும்வரை சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, அலுமினியத்துக்கான பிரைமர் கொடுத்து, அதன்மேல் சுத்தமான அக்ரிலிக் பெயிண்ட். கழுவும் வேலையில் அவசரப்படுகிற ஆளை வைத்தால் மூன்றாம் வருஷமே உரியும். வினைலில் பெயிண்ட் அடிக்கிற தொல்லை இல்லை, உண்மைதான். ஆனால் கடுங்குளிரில் பந்து பட்டால்கூட விரிசல் விடும். பக்கத்து வீட்டுப் புதுக் கண்ணாடி ஜன்னலிலிருந்து வெயில் திரும்பி அடித்தால் சில இடங்களில் உருகி நெளிந்தே போகிறது. உள்ளே பலகை ஊறிப்போயிருக்கிறது, இன்சுலேஷன் சேர்க்க வேண்டும் என்றால்தான் கழற்றுவதற்கு அர்த்தம் உண்டு. கழற்றும்போது அடியில் பழைய அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடுகள் தெரிந்தால் கை வைக்காமல் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

குழந்தை இருக்கிறது என்றீர்கள். அதனால் இது முக்கியம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் சேர்ப்பதை அமெரிக்கா 1978-ல்தான் தடை செய்தது. உங்கள் வீடு அதற்குப் பத்து வருஷம் மூத்தது. ஜன்னல் மரச்சட்டம், கதவு நிலை இவற்றைக் காய்ந்தபடியே சுரண்டவோ தேய்க்கவோ விடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு அந்த வேலை செய்கிறவர்கள் ஈயப் பெயிண்டைக் கையாள ஈபிஏ என்ற மத்தியச் சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நிறம் தேர்ந்தெடுப்பது இப்படித்தான்: பட்டுப் புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போகிறவர்கள் புடவையைக் கையோடு கொண்டு போவார்கள். உங்கள் புடவை செங்கல். பளீர் வெள்ளையைப் பக்கத்தில் வைத்தால் ஆரஞ்சு இன்னும் ஆரஞ்சாகும். நீலம் கலந்த சாம்பல் சண்டை போடும். செங்கல்லுக்கு நடுவே ஓடும் கலவையின் நிறத்தைப் பாருங்கள், பெரும்பாலும் மணல் நிறமோ வெளிர் சாம்பலோ இருக்கும். சைடிங்குக்கு அதை ஒட்டிய நிறம் எடுத்தால் மேல்மாடியும் கீழ்மாடியும் ஒரே வீடாகச் சேரும். கரும்பச்சை கலந்த சாம்பல், காளான் நிறம், வெண்ணெய் நிறம் எல்லாம் ஆரஞ்சுச் செங்கல்லுக்கு அழகு. கடையில் தருகிற சின்ன அட்டையை நம்பாதீர்கள், வெயிலில் எந்த நிறமும் வெளுத்துத் தெரியும். இரண்டடி மூன்றடிப் பலகையில் அடித்து, செங்கல்லை ஒட்டிச் சாய்த்து வைத்துக் காலையிலும் மாலையிலும் தெருவிலிருந்து பாருங்கள்.

கேரேஜ் கதவு தெருவைப் பார்த்திருந்தால் அதற்குச் சைடிங் நிறத்தையே கொடுங்கள். அவ்வளவு பெரிய கதவைத் தனி நிறத்தில் காட்டினால் கண் அங்கேயே போய் நிற்கும். கண் போக வேண்டியது வாசல் கதவுக்கு. அங்கே தைரியமாகச் செய்யுங்கள்: அரக்குச் சிவப்பு, மயில் நிறம், கடுகு மஞ்சள், உங்களுக்குப் பிடித்தது எதுவானாலும். முன்னால் முழுக் கண்ணாடி போட்ட ஸ்டார்ம் டோர் என்ற இரண்டாவது வெளிக்கதவு இருந்து, மேற்குப் பார்த்த வாசலாகவும் இருந்தால் அடர்நிறம் வேண்டாம், நடுவில் சூடு தேங்கிக் கதவு கெட்டுவிடும்.

ஜன்னலுக்கு இருபுறமும் பிளாஸ்டிக் ஷட்டர் இருக்குமே, ஒவ்வொன்றும் ஜன்னலின் பாதி அகலம் இல்லையென்றால் கழற்றிவிடுங்கள். பின்னால் திருகு ஓட்டைகளும் வெளிறாத பழைய நிறமும் இருக்கும், அதனால் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே கழற்ற வேண்டும். வீட்டின் வயது பாதி குறையும்.

முன்பக்கப் புதர்கள் ஜன்னலை மறைத்தால் ஜன்னல் விளிம்புக்குக் கீழே வெட்டுங்கள். யூ செடியை மொட்டையாக வெட்டினாலும் துளிர்த்துவிடும். ஆர்பர்விட்டேயை அப்படி வெட்டினால் பழுப்பாகவே நிற்கும், அதைப் பிடுங்குவதே மேல். தோண்டுவதற்கு முன் 811-க்குக் கூப்பிடுங்கள், கேஸ், கரண்ட் லைன் எங்கே போகிறது என்று இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். மே மாதக் கடைசியில் வாசலுக்கு இரண்டு பக்கமும் செண்டுமல்லித் தொட்டி வைத்தால் அக்டோபர் வரை பூக்கும், மான்களும் அதை அதிகம் தொடுவதில்லை.

ஆட்களை அமர்த்தும்போது: மிச்சிகனில் 600 டாலரும் அதற்கு மேலும் போகிற பெயிண்ட், சைடிங், கொத்து வேலைக்கு மாநில லைசென்ஸ் கட்டாயம். லாரா என்ற மாநில லைசென்ஸ் துறையின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். ஆலங்கட்டி மழை பெய்த மறுநாள் கதவைத் தட்டி, "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி" என்கிறவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசித் தவணை கொடுக்கும்போது லீன் வேவர், அதாவது வீட்டின் மேல் பாக்கி உரிமை கோரமாட்டோம் என்ற உறுதி, எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் வேலை செய்தவர் சாமான் கடைக்கு வைத்த பாக்கிக்கு அந்தக் கடைக்காரர் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோரலாம். குடியிருப்போர் சங்கம் இருந்தால் நிறத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் இந்த வருஷமே செய்ய வேண்டாம். கட்டர், மண் சரிவு, லிண்டல் இவை முதலில். சைடிங் பெயிண்ட் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள், இரவிலும் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத நாட்களில். ஷட்டரும் வாசல் கதவும் நீங்களே ஒரு சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். கேரேஜ் லிண்டலை அடியிலிருந்து ஒரு போட்டோவும், செங்கல்லையும் கலவையையும் கிட்டத்தில் வெயிலில் ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள். எந்த நிறம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன், பலகையில் அடித்துப் பார்க்க என்னிடம் மிச்சப் பெயிண்ட்டும் இருக்கிறது.