ஒரே பட்டியலில் இரண்டு நோட்டீஸ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரே கட்சிப் பட்டியலில் நிற்கிற இருவர். மண்முனைப் பாலம் தன்னால்தான் வந்தது என்று ஒருவர் நோட்டீஸ் அடித்திருக்கிறார். "அவர் பாராளுமன்றத்தில் வாயே திறக்கவில்லை" என்று மற்றவரின் நோட்டீஸ் சொல்கிறது. எதிர்க்கட்சியை விட்டுவிட்டு ஏன் தங்களுக்குள்ளேயே மோதுகிறார்கள்?
(வாசகி, ஆரையம்பதி)

பதில்: விருப்பு வாக்குத்தான் காரணம். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 ஆசனம். கட்சி நிறுத்துவது அதோடு மூன்று கூட்டி 8 பேரை. திகாமடுல்லையில் (அம்பாறை மாவட்டம்) 7 ஆசனம், 10 பேர். கட்சிக்கு விழும் வாக்கு எத்தனை ஆசனம் என்பதைத் தீர்மானிக்கும். அதில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். கட்சி இரண்டு ஆசனம் எடுத்தால், மூன்றாவதாக வந்தவரைத் தோற்கடித்தவர் அவருடைய பட்டியலிலேயே இருக்கிறார். விஞ்ஞாபனமும் இருவருக்கும் ஒன்றே. ஆகவே மிஞ்சுவது "நான் செய்தேன், அவர் செய்யவில்லை" என்ற ஒரே சண்டைதான்.

பாலத்துக்கு வருவோம். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் பாதையில் (மிதவைப் படகில்) ஏறிக் கடந்த மண்முனைத் துறையில், ஜப்பானின் உதவியில் கட்டிய பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அப்படியான உதவி இரண்டு அரசாங்கங்களுக்கு இடையிலான உடன்படிக்கையால் வருவது. ஒரு எம்.பி. அதைக் கேட்டிருக்கலாம், திரும்பத் திரும்ப வற்புறுத்தியும் இருக்கலாம். அது சிறிய வேலையல்ல, மதிக்க வேண்டியதுதான். ஆனால் கேட்டதற்குத் திகதி இருக்கும்: ஹன்சாட்டில் (பாராளுமன்றப் பேச்சுகளின் அச்சுப் பதிவு), அல்லது மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் கூட்ட அறிக்கையில். "கேட்டேன்" என்பவரிடம் அந்தத் திகதியை வாங்குங்கள். "கட்டினேன்" என்பதை எவர் சொன்னாலும் ஏற்க வேண்டியதில்லை.

கேள்வி: "வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்தி எங்கள் ஆஸ்பத்திரிப் பணத்தை வெட்டியவர்" என்று ஒரு துண்டுப்பிரசுரம். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?
(வாசகர், வெல்லாவெளி)

பதில்: பாராளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சாட் திகதிவாரியாக இருக்கிறது. தமிழில் பேசியது தமிழிலேயே அச்சாகியிருக்கும். பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாத இதழ்களில்தான் தேட வேண்டும். இங்கே மூன்று இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

வரவு செலவுத் திட்டத்துக்கு இரண்டாம் வாசிப்பில் ஒரு வாக்கெடுப்பு, குழுநிலை விவாதம் முடிந்து மூன்றாம் வாசிப்பில் இன்னொன்று. ஒருவர் முதலாவதில் எதிர்த்து, அடுத்ததற்கு வராமலே இருந்திருக்கலாம். நோட்டீஸ்காரர் தனக்கு வசதியான திகதியை மட்டும் எடுத்துப் போடுவார். இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது, பெயர்வாரியாகப் பதிவாகும் வாக்கெடுப்பு நடந்தால்தான் ஆதரவு, எதிர்ப்புப் பட்டியல் அச்சாகும். குரல் வாக்கில் நிறைவேறிய சட்டமூலத்துக்கு யார் "ஆம்" சொன்னார் என்பது ஏட்டில் கிடையாது. அந்த இடத்தில் குற்றச்சாட்டையும் நிரூபிக்க முடியாது, மறுப்பையும் நிரூபிக்க முடியாது. பட்டியலில் பெயரே இல்லாவிட்டால் அதை எதிர்ப்பாகவும் எண்ணாதீர்கள், ஆதரவாகவும் எண்ணாதீர்கள். அன்று சபைக்கு வந்தாரா என்று தனியாகத் தேடுங்கள்.

மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். இரண்டாம், மூன்றாம் வாசிப்பு வாக்கு முழு நாட்டின் செலவுக்கும் சேர்த்து ஒரே வாக்கு. அதிலிருந்து ஒரு ஆஸ்பத்திரியைப் பிரித்து எடுக்க முடியாது. குழுநிலையில் சுகாதார அமைச்சின் செலவுத் தலைப்பு விவாதிக்கப்படும் நாள் ஒன்று வரும். உங்கள் ஆஸ்பத்திரிக்காக அன்று அவர் பேசினாரா, என்ன கேட்டார் என்று வாசியுங்கள். கை உயர்த்திய கணக்கைவிட அந்த இரண்டு பக்கம் அவரைப் பற்றி அதிகம் சொல்லும்.

கேள்வி: எங்கள் உள்வீதிக்குக் கொங்கிரீட் போட்டது தானே என்று இருவர் உரிமை கோருகிறார்கள். ஒருவர் முன்னாள் எம்.பி., மற்றவர் முன்னாள் மாகாண சபை உறுப்பினர்.
(வாசகர், திருக்கோவில்)

பதில்: முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தரம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஊருக்குள் ஓடும் சிறு வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கு. பிறகு ஆண்டைப் பாருங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது, அதன்பின் தெரிவான சபை இல்லை. 2019இல் போட்ட வீதிக்கு "மாகாண சபை உறுப்பினராக நான் ஒதுக்கியது" என்றால் கணக்கு இடிக்கிறது. எம்.பி.யின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி (தன் மாவட்ட வேலைகளுக்கு அவர் முன்மொழியும் ஒதுக்கீடு) மாவட்டச் செயலகம் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு வந்து வேலையாகிறது. ஆகவே கோப்பும் அங்கேதான் இருக்கும்.

அந்தக் கோப்பைக் கேட்க உங்களுக்கு உரிமை தந்திருப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. இப்படி எழுதுங்கள்: "இன்ன கிராம அலுவலர் பிரிவில் இன்ன வீதிக்கு இன்ன ஆண்டில் நடந்த கொங்கிரீட் வேலையின் (1) நிதி மூலம், (2) முன்மொழிந்தவர், (3) மதிப்பீட்டுத் தொகையும் கொடுத்த தொகையும், (4) ஒப்பந்தம் பெற்ற அமைப்பு, (5) வேலை தொடங்கி முடிந்த திகதிகள் ஆகியவற்றைக் காட்டும் ஆவணங்களின் பிரதி."

"ஏன் எங்கள் வீதியைக் கவனிக்கவில்லை" என்று எழுதினால் பதில் வராது, ஏனென்றால் அது ஆவணமல்ல, மனக்குறை. "பத்து வருடத்து எல்லா வீதியும்" என்றால் இழுபடும். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். மேன்முறையீட்டில் நாள் எண்ணுவது அந்தத் துண்டை வைத்துத்தான். முடிவு சொல்ல அலுவலருக்கு 14 வேலை நாட்கள் உண்டு. மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. வேட்புமனு முடிந்து ஐந்து, ஆறு வாரத்தில் வாக்களிப்பு வந்துவிடும். நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருந்தால் பதில் தேர்தல் முடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் கட்சிக்குள்ளேயே "பிரைமரி" என்று தேர்தல் வைக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
(வாசகி, கல்முனை)

பதில்: வேலை ஒன்று, நாள் வேறு. அங்கே கட்சியின் வேட்பாளரை முன்கூட்டியே தனி வாக்கெடுப்பில் தெரிகிறார்கள். நாங்கள் அதையும் ஒரே நாளில், ஒரே சீட்டில் முடிக்கிறோம். சண்டையின் குணம் மட்டும் ஒன்றுதான். 2008இல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக வரப் போட்டியிட்ட ஒபாமா, அதே கட்சியின் ஹிலாரி கிளின்டன் ஈராக் போருக்குப் போட்ட வாக்கைப் பிடித்துக்கொண்டார். 2002 ஒக்டோபரில் ஹிலாரி செனட்டில் ஆதரித்து வாக்களித்தது உண்மை. ஒபாமா அப்போதே எதிர்த்துப் பேசியதும் உண்மை. ஆனால் ஒபாமா அன்று இலினோய் மாநில சபையில் இருந்தார், ஈராக் பற்றி வாக்களிக்க வேண்டிய நாற்காலியில் இல்லை. நோட்டீஸ் எதை வாசித்தாலும் இதையும் கேளுங்கள்: அந்த ஆண்டில் ஆள் எந்த நாற்காலியில் இருந்தார்?

இன்னொன்று. 1988இல் அதே கட்சியின் வேட்பாளராக வரப் போட்டியிட்ட டுகாக்கிஸ் ஆளுநராக இருந்த மசாசூசெட்சில் கைதிகளுக்கு விடுப்புக் கொடுத்ததை முதலில் விவாத மேடைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர் அல் கோர். அதே ஆண்டுப் பொதுத் தேர்தலில் எதிர்க்கட்சி அதையே கையில் எடுத்துக்கொண்டது. உங்கள் ஊரிலும் ஒரே பட்டியலின் இரண்டு நோட்டீஸையும் ஒட்டவைத்துப் பிரதி அடித்து, அடுத்த கட்சிக்காரர் வீடு வீடாகக் கொடுப்பதைப் பார்க்கலாம்.

கேள்வி: பிடித்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரின் விருப்பு இலக்கத்துக்கும் புள்ளடி போடலாமா?
(வாசகர், வாழைச்சேனை)

பதில்: போடாதீர்கள். உச்சம் மூன்று. நான்காவது விழுந்தால் கட்சிக்குப் போட்ட வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் நான்கும் போய்விடும். இலக்கத்துக்கு மட்டும் போட்டுக் கட்சியின் சின்னத்துக்கு நேரே புள்ளடி இல்லாவிட்டால் சீட்டு முழுவதும் நிராகரிக்கப்படும். முதலில் சின்னம், பிறகு கீழே இலக்கம்.