சேற்றுக்குள் நாலு சில்லு: கேள்வியும் பதிலும்

வன்னியில் மாரி தொடங்கிவிட்டது. வயலுக்கும் தோட்டத்துக்கும் ஏ.ரி.வி. (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நாலு சில்லு வண்டி) எடுத்துப் போகிறவர்களும், லான்ட் மாஸ்டரோடு (இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம்) மல்லுக்கட்டுகிறவர்களும் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மல்லாவித் தம்பி (23 வயது): அண்ணை, வேகமாக விட்டால் சேற்றைக் கடந்துவிடலாம் என்கிறார்களே?

வேகம் இல்லைத் தம்பி, சீரான இழுவைதான் வேணும். இறங்குவதற்கு முன்பே சின்னக் கியருக்கு மாற்றி, நாலு சில்லும் இழுக்கும்படி போட்டுவிடு. சில்லு சுற்றியும் வண்டி நகரவில்லையா, அக்சிலேற்றரை உடனே விடு. சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். அடிச்சட்டம் சேற்றில் குந்திவிட்டால் பிறகு கயிறு கட்டி இழுக்கத்தான் வேணும். ரயர் காற்றையும் பார். ஏ.ரி.வி. ரயர் பெரும்பாலும் 5 பி.எஸ்.ஐ. அளவில் ஓடுகிறது. மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற மாதிரி அடித்துவிடாதே.

ஒட்டுசுட்டான் அண்ணை (52 வயது): இளவயதில் குளம் நிரம்பி வான்பாயும் இடத்தாலும் போனவன் நான். இப்போது சேற்றைக் கண்டாலே கால் தயங்குது. வயசு போட்டுதோ?

அண்ணை, எனக்கும் அதேதான். 24 வயதில் முத்தையன்கட்டுப் பக்கம் லான்ட் மாஸ்டர் பெட்டியில் நெல் மூட்டை ஏற்றி வந்தேன். முன்னால் பெரிய உழவு இயந்திரம் போன தடம் தெரிந்தது, அதை நம்பி இறங்கினேன். அதன் பின்சில்லு என் நெஞ்சளவு உயரம் என்பது அந்த நேரம் மூளையில் ஏறவில்லை. பெட்டி ஒரு பக்கம் சரிய, கைப்பிடி திருகி விலாவில் அடித்தது. மூன்று மாதம் நிம்மதியாகத் தும்மக்கூட முடியவில்லை. இப்போது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பூவரசந்தடியால் குத்திப் பார்க்கிறேன். முழங்காலுக்குக் கீழே தடி இறுகி நின்றால் போவேன், இல்லாவிட்டால் சுற்றுப்பாதைதான்.

ஆனால் எங்கள் வயதில் ஒரு பிழை வருகிறது. இறங்கின பிறகு நடுச்சேற்றில் யோசிக்கிறோம், கையைத் தளர்த்துகிறோம். வண்டி அங்கேதான் புதைகிறது. பொடியன்கள் பார்க்காமல் இறங்குகிறார்கள், ஆனால் இழுவையை விடுவதில்லை. அதை அவர்களிடம்தான் நான் படித்தேன்.

கிளிநொச்சி அக்கா: 13 வயது மகன் ஏ.ரி.வி. ஓடக் கேட்கிறான். விடலாமா?

வேண்டாம் அக்கா. 16 வயதுக்கு முன் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே சொல்கிறது. பெரிய வண்டி 300 கிலோ வரும். சரியும்போது உடம்பைச் சாய்த்துத்தான் அதை நிமிர்த்த வேணும், அவனது எடை அதற்குப் போதாது. பின்னால் ஏற்றியும் போகாதீர்கள், பெரும்பாலான வண்டி ஒருவருக்கென்றே செய்தது.

துணுக்காய்த் தம்பி: சேற்றுக்கு விலகிக் காட்டுக்குள்ளால் போகலாமா?

ஆள் நடமாடாத பக்கம் வேண்டவே வேண்டாம். மிதிவெடிப் பலகை இன்னும் நிற்கிற இடங்கள் உண்டு. பலகை இல்லை என்பதற்காகவும் நம்பாதே, மழைத்தண்ணீர் வெடியை நகர்த்தும்.

நெடுங்கேணி ஐயா (68 வயது): நான் தனியத்தான் வயலுக்குப் போகிறேன். வேறென்ன கவனிக்க?

தனியப் போகாதீர்கள் ஐயா, பேரனையாவது கூப்பிடுங்கள், அவன் கரையில் நிற்கட்டும். போனைப் பொலித்தீன் பையில் சுற்றி மேல்பொக்கற்றில் வையுங்கள். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியால் வரும். விதைப்புக் காலத்தில் தடுப்புக் குளிசை கொடுக்கிறார்களா என்று சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். காய்ச்சல் வந்தால், சேற்றுக்குள் நின்றதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.