ஜெர்மனியில் ஆய்வேட்டை வெளியிடாமல் டாக்டர் ஆக முடியாதா?

கேள்வி: ஜெர்மனியில் பொருளறிவியலில் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) முனைவர் பட்ட ஆய்வை முடித்து, மார்ச் மாதம் வாய்மொழித் தேர்விலும் தேறிவிட்டேன். ஆனால் ஆய்வேட்டை வெளியிட்ட பிறகுதான் பட்டச் சான்றிதழ் தருவோம், அதுவரை பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போடக் கூடாது என்கிறார்கள். ஒரு பதிப்பகம், செலவே இல்லாமல் புத்தகமாகப் போட்டுத் தருவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. என் ஆய்வேட்டின் மூன்று இயல்கள் ஏற்கெனவே ஆய்விதழ்களில் கட்டுரைகளாக வந்தவை. அக்டோபரில் ஊர் திரும்பி வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எதை முதலில் செய்வது?

பதில்: முதலில் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் குழப்பம் நியாயமானது. நம்மூரில் வாய்மொழித் தேர்வு முடிந்த மாலையே மாலை போட்டு, மறுநாள் வீட்டு வாசலில் ‘முனைவர்’ பலகை மாட்டிவிடுகிறோம். ஆய்வேட்டின் மின்பிரதி, இந்திய ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா இணையக் களஞ்சியத்துக்குப் போக வேண்டும் என்பது இந்தியாவிலும் விதிதான். ஆனால் அதை அனுப்பும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது என்பதால் மாணவருக்கு அது ஒரு சுமையாகத் தெரிவதில்லை. ஜெர்மனியில் வெளியிடும் கடமை உங்கள் தலையில் இருக்கிறது. ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு, வெளியீடு மூன்றும் சேர்ந்ததுதான் அங்கே பட்டம். இரண்டை முடித்திருக்கிறீர்கள்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில ஜெர்மன் பல்கலைக்கழகங்கள், தேர்வுக்கு நேரில் வராதவர்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு டாக்டர் பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தன. ரோமானிய வரலாற்றை எழுதிய ஜெர்மன் அறிஞர் தியோடர் மொம்சன் 1876-இல் இவர்களைப் ‘போலி டாக்டர்கள்’ என்று சாடி எழுதினார். ஆய்வேட்டை அச்சிட்டாக வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. நாலு பேர் கையில் கிடைக்கும் ஏட்டைத்தானே நாலு பேர் சோதிக்க முடியும்? 2011-இல் பாதுகாப்பு அமைச்சர் கார்ல்-தியோடர் சு குட்டன்பெர்க் பட்டத்தையும் பதவியையும் இழந்ததற்கும் இதுதான் வழி திறந்தது. புத்தகமாக வெளிவந்திருந்த அவருடைய ஆய்வேட்டை வாசகர்கள் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, எங்கெங்கிருந்து எடுத்தது என்று இணையத்தில் பட்டியலே போட்டுவிட்டார்கள்.

‘டாக்டர்’ போடக் கூடாது என்று சொன்னதையும் வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உரிமையில்லாமல் கல்விப் பட்டத்தைப் பயன்படுத்துவது ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 132-ஏ பிரிவின்படி குற்றம். அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. பட்டச் சான்றிதழை அவர்கள் ‘ஊர்குண்டெ’ என்பார்கள். நம் காதுக்கு ஏதோ கிராமத்தின் பெயர் போல ஒலிக்கும் அந்தத் தாள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் நீங்கள் டாக்டர். சில பல்கலைக்கழகங்கள் இடைக்காலத்தில் ‘டாக்டர் டெஸிக்னாட்டுஸ்’, அதாவது ‘டாக்டராகத் தேர்வு பெற்றவர்’, என்று போட்டுக்கொள்ள அனுமதிக்கின்றன. சில அதையும் விடுவதில்லை.

உங்கள் துறையின் முனைவர் பட்ட விதிமுறையை எடுத்து ‘வெளியீடு’ என்ற பிரிவை மட்டும் படியுங்கள். இரண்டு பக்கம்கூட வராது. எத்தனை மாதத்துக்குள் வெளியிட வேண்டும், எந்தெந்த வழிகளை ஏற்கிறார்கள், எத்தனை அச்சுப் பிரதிகள் கொடுக்க வேண்டும் என்று மூன்றும் அங்கே இருக்கும். கெடு பெரும்பாலும் தேர்வு நாளிலிருந்து ஓராண்டு அல்லது இரண்டாண்டு, விண்ணப்பித்தால் நீட்டிப்பார்கள். கேட்காமல் தவறவிட்டால் அதுவரை பட்ட பாடு வீணாகலாம். சக மாணவர் சொன்ன எண்களை நம்பாதீர்கள். பக்கத்துத் துறையிலேயே விதி வேறாக இருக்கும்.

வழிகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, பதிப்பகம் வழியாகப் புத்தகம். குறைந்தது 150 பிரதிகள் அச்சிட வேண்டும் என்று பல விதிமுறைகள் கேட்கின்றன. வரலாறு, இலக்கியம், சட்டம் படித்தவர்களுக்கு நல்ல பதிப்பகத்தின் வரிசையில் நூல் வருவது வேலைச் சந்தையில் மதிப்பு. அதற்காக அச்சுச் செலவில் ஒரு பங்கைக் கைக்காசிலிருந்து கொடுக்கவும் அவர்கள் தயங்குவதில்லை. பொருளறிவியலில் அந்த மதிப்பு ஆய்விதழ்க் கட்டுரைக்குத்தான், உங்களிடம் மூன்று இருக்கின்றன. ஆகவே உங்களுக்கு இரண்டாவது வழி: பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியம். பெரும்பாலும் செலவில்லை, நிலையான இணைய முகவரி கிடைக்கும், ஜெர்மன் தேசிய நூலகத்துக்கும் பிரதி போய்விடும்.

ஆனால் இன்றிரவே பதிவேற்றிவிடாதீர்கள். தேர்வாளர்கள் திருத்தம் சொல்லியிருந்தால் அவற்றைச் செய்து, ‘இதை வெளியிடலாம்’ என்ற அனுமதியைத் துறையிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். இந்த அனுமதிதான் அதிகம் தாமதமாகும். கோடை விடுமுறையில் பேராசிரியர்களைப் பிடிப்பது கடினம். அக்டோபரில் ஊருக்குக் கிளம்புகிறவர் ஜூன் மாதமே திருத்தப் பிரதியைப் பேராசிரியர் மேசையில் வைத்துவிட வேண்டும்.

அடுத்தது அந்த மூன்று இயல்கள். எழுதியது நீங்கள்தான் என்றாலும், பதிப்புரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது பல உரிமைகளை ஆய்விதழுக்குக் கொடுத்திருப்பீர்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்சுட்டல் உரிமத்தில் வந்த கட்டுரையென்றால் மூலத்தைச் சுட்டினால் போதும். எல்செவியர் என்ற பதிப்பகத்தின் இதழ்களில் வந்ததை ஆய்வேட்டில் சேர்க்க அந்த நிறுவனமே அனுமதிக்கிறது, ஆனால் வணிக வெளியீட்டுக்கு அல்ல. ஐ-ட்ரிப்பிள்-ஈ என்ற பொறியாளர் அமைப்பின் இதழ் என்றால், இணையத்தில் ஏற்றும் ஆய்வேட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கைப்பிரதிதான் வரலாம். இதழ் அச்சுக்கோத்து வெளியிட்ட பக்கங்கள் வரக் கூடாது. மூன்று கட்டுரைக்கும் அந்தந்தப் பதிப்பகத்தின் தளத்தில் ‘ஆசிரியர் உரிமைகள்’ பக்கத்தைப் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்தும் வையுங்கள். மற்றவர் கட்டுரையிலிருந்து எடுத்த படங்கள் முன்னுரையில் இருக்குமே, அவற்றுக்குத் தனியாக அனுமதி வேண்டும். அல்லது நீங்களே புதிதாக வரைந்துவிடுங்கள், பாதி நேரத்தில் முடியும்.

பொருளறிவியல் என்பதால் இதையும் கேட்கிறேன்: ஆய்வேட்டில் காப்புரிமை (பேட்டன்ட்) பெறத்தக்க கலவையோ தயாரிப்பு முறையோ இருக்கிறதா? ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டத்தில், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் பொதுவில் வந்துவிட்ட எதுவும் புதியது அல்ல. களஞ்சியத்தில் ஏறிய மறுகணமே கதவு மூடிவிடும். பல்கலைக்கழகப் பணியாளராக இருந்து கண்டுபிடித்தது என்றால் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கும் கடமையும் சட்டப்படி உண்டு. சந்தேகம் இருந்தால் காப்புரிமைப் பிரிவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். வெளியீட்டைச் சிறிது காலம் பூட்டிவைக்கப் பல நூலகங்களில் வசதி இருக்கிறது.

கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை, நான் பட்டது. நூலகங்கள் நீண்டகாலப் பாதுகாப்புக்கான பிடிஎஃப்-ஏ வடிவத்தைக் கேட்கும். எழுத்துருக்கள் அத்தனையும் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். என் நன்றியுரையின் கடைசியில் அம்மாவுக்காகத் தமிழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். என் கணினியில் அழகாகத் தெரிந்தது. நூலகத்தில் திறந்தபோது அந்த இரண்டு வரியும் வெறும் கட்டங்கள். இருநூற்றுச் சொச்சம் பக்கங்களில் அந்த இடம் மட்டும். பிடிஎஃப் கோப்பின் பண்புகள் பகுதியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘உட்பொதிக்கப்பட்டது’ என்று இருக்கிறதா என ஒருமுறை பார்த்தால் போதும், இந்தத் தலைவலி வராது. இணையப் பதிப்பில் தன்விவரக் குறிப்பையும் உறுதிமொழியின் கீழுள்ள கையெழுத்தையும் எடுத்துவிடுங்கள். பிறந்த தேதியும் கையெழுத்தும் உலகம் முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. நூலகமே அப்படித்தான் சொல்லும். அச்சுப் பிரதியும் கேட்டால் அமிலமற்ற தாளில், பசை பைண்டிங்கில் கொடுங்கள். ஸ்பைரல் போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது அந்த மின்னஞ்சல். இப்படிப்பட்ட நிறுவனங்கள் களஞ்சியங்களையும் மாநாட்டு நிரல்களையும் துழாவி முகவரி பிடிக்கின்றன. மதிப்பீடு கிடையாது, பதிப்பாசிரியர் கிடையாது. நீங்கள் அனுப்பிய கோப்புக்கு ஓர் அட்டை போட்டு, யாராவது கேட்டால் ஒரு பிரதி அடிப்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் உங்கள் மாமாவாகத்தான் இருப்பார். 150 பிரதி நிபந்தனையை அது நிறைவேற்றாமல் போகலாம். அதைவிடப் பெரிய சிக்கல், அது வணிக வெளியீடு: உங்கள் மூன்று இயல்களுக்கு ஆய்விதழ்கள் தந்த அனுமதி அங்கே செல்லாமல் போகக்கூடும். வெளியிடும் உரிமை தங்களுக்கு மட்டுமே என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்றால் நூலகக் களஞ்சியத்தில் ஏற்றுவதற்கே அவர்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அக்டோபருக்குள் சான்றிதழ் வராவிட்டால்? எல்லாத் தேர்வுகளிலும் தேறிவிட்டார், வெளியீடு மட்டும் பாக்கி என்று துறை அலுவலகம் ஒரு தற்காலிகச் சான்று தரும். விண்ணப்பத்தில் ‘முனைவர் பட்டத் தேர்வில் மார்ச் மாதம் தேறினேன், ஆய்வேடு வெளியீட்டில் உள்ளது’ என்று எழுதி அந்தச் சான்றை இணையுங்கள். பணியில் சேரும்போது இந்தியக் கல்வி நிறுவனங்கள் மூலச் சான்றிதழைத்தான் கேட்கும் என்பதால், அதை எந்த முகவரிக்கு எப்படி அனுப்புவார்கள் என்பதையும் இப்போதே கேட்டுவைப்பது நல்லது. தற்காலிகச் சான்று கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றித் தட்டச்சு செய்துவிடுவது அங்கே தினமும் நடப்பதுதான்.